வாண்டுமாமா தோன்றியது எப்படி?

'தோன்றியது எப்படி?' என்ற தலைப்பில் வாண்டுமாமா எழுதியதை ஒரு தலைமுறைப் பிள்ளைகள் விழுந்து விழுந்து படித்திருக்கிறோம். அன்றாடம் கையில் எடுக்கும் பொருள்கள் எப்போது, யார் கையால், என்ன தேவைக்காகப் பிறந்தன என்று கதைபோலச் சொல்லிக்கொண்டே போவார். மருத்துவம் பிறந்த கதையும் எழுதியிருக்கிறார். இத்தனைக்கும் பிறந்த கதை சொன்னவருடைய பிறந்த கதையை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

வி. கிருஷ்ணமூர்த்தி பிறந்தது 1925 ஏப்ரல் 21, புதுக்கோட்டைச் சீமையில் அரிமளம் என்ற ஊரில். வளர்ந்தது திருச்சியில். வாண்டுமாமா பிறந்தது அதற்குப் பல ஆண்டுகள் கழித்து. அந்தப் பிறப்புக்கு ஒரு கையெழுத்துப் பத்திரிகையும், ஓர் ஓவியர் மேல் கொண்ட பக்தியும், சில சிறிய அச்சகங்களும், பிள்ளைகளுக்கென்று பத்திரிகை நடத்தத் துணிந்த ஒரு காலமும் தேவைப்பட்டன.

அரிமளத்துக்காரரைப் பற்றித் தென்காசியிலிருந்து எழுதக் காரணம் உண்டு. மாயக்கதைக்கு என்றே அமைந்த ஊர் எங்கள் ஊர். இன்றைக்குத் தென்காசிக்கு வருகிறவர்கள் காசி விசுவநாதர் கோயிலின் ஒன்பது நிலை ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். 1990-இல் குடமுழுக்கு நடந்த கோபுரம் அது. அதற்கு முன்னே நெடுங்காலம் அந்த இடத்தில் நின்றது மேல் நிலைகள் சிதைந்த, வானத்தைப் பார்த்துப் பிளந்த ஒரு கல் அடித்தளம். பெரியவர்கள் அதை மொட்டைக் கோபுரம் என்பார்கள். பிள்ளைகளுக்கு அது ராட்சதன் மிதித்த கோட்டை. வாசலில் நுழையும்போது எதிரே வந்து மோதும் காற்று இன்றும் அங்கே இருக்கிறது. உள்ளே போகும்போது ஒரு பக்கம் தள்ளும், தாண்டியதும் இன்னொரு பக்கம் தள்ளும். அந்தக் காற்றுக்கு ஆளுக்கொரு காரணம் சொல்வோம். அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர் மேற்கே போனால் குற்றாலம். சாரல் விழுகிற ஆனி, ஆடி மாதங்களில் மலை பாதிக்கு மேல் மேகத்துக்குள் போய்விடும். மேகத்துக்கு மேலே என்ன இருக்கிறது என்று கேட்டால் பெரியவர்கள் செண்பகாதேவி என்பார்கள், தேனருவி என்பார்கள், சித்தர் குகை என்பார்கள். தேங்காயைப் பறித்துக்கொண்டு ஓடும் குரங்கு, மூலிகை வண்ணத்தில் தீட்டிய சித்திரசபைச் சுவர், அருவிக்குப் பின்னால் தெரியும் இருட்டு, எல்லாமே கதைக்குத் தயாராக இருந்தன.

இந்த மலை ஏற்கெனவே ஒரு பெருங்கவிஞரிடம் மாயமாக மாறியிருக்கிறது. மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் பதினெட்டாம் நூற்றாண்டில் பாடிய குற்றாலக் குறவஞ்சியில் குரங்குகளும் வானத்துச் சித்தர்களும் ஒரே மலைச்சரிவில் நடமாடுகிறார்கள். ஆனால் அது பெரியவர்களின் இலக்கியம். பிள்ளைகளுக்குப் பாட்டிமார் சொன்ன கதைகள் இருந்தன. தென்காசிக்கு அருகே கழுநீர்குளத்தில் பிறந்து ஆசிரியராக வேலை பார்த்த கழனியூரன், கி. ராஜநாராயணனோடு சேர்ந்து அந்த வாய்மொழிக் கதைகளை ஊர் ஊராகச் சேகரித்தார். செவக்காட்டுச் சனங்கள் சொல்லும் பேய், பூதம், பேசும் காக்கை, அசட்டு ராஜா எல்லாம் அவர் நூல்களில் இருக்கின்றன. அவருக்கு இந்த வட்டாரம் பெரிய கடன் பட்டிருக்கிறது. ஆனால் பாட்டி சொன்ன கதைக்கு எழுதியவர் பெயர் கிடையாது. 'இந்தக் கதையை எழுதியவர் இன்னார், அவர் அடுத்த கதையும் எழுதுவார்' என்று காத்திருக்கும் சுகத்தை எங்களுக்குத் தந்தது அச்சுப் பத்திரிகை. அந்தச் சுகத்தின் பெயர்தான் எங்கள் ஊரில் வாண்டுமாமா.

தமிழ்ப் பிள்ளைகளுக்கான அச்சுக்கு வயது அதிகம். அதன் தொடக்கமும் எங்கள் தென்கோடிதான். 1840-இல் நாகர்கோவிலிலிருந்து 'பாலதீபிகை' வந்தது. 1849-இல் பாளையங்கோட்டையிலிருந்து 'சிறுபிள்ளையின் நேசத்தோழன்' வந்தது. கிறித்தவச் சபையார் நடத்தியவை. நல்லொழுக்கமும் பொது அறிவும் சொல்வது அவற்றின் நோக்கம். மாயத்துக்கு அங்கே இடமில்லை. மாயம் வேறு வழியாக அச்சேறிக்கொண்டிருந்தது. விக்கிரமாதித்தன் கதை, மதனகாமராஜன் கதை எல்லாம் மலிவுப் பதிப்பாகச் சந்தைகளில் விற்றன. அவை பிள்ளைகளுக்காக எழுதப்பட்டவை அல்ல. பிள்ளைகள் ஒளித்து வைத்துப் படித்தார்கள், அவ்வளவுதான்.

1947 ஜூலையில் பி. நாகிரெட்டியும் சக்ரபாணியும் சென்னையிலிருந்து தெலுங்கில் 'சந்தமாமா'வையும் தமிழில் 'அம்புலிமாமா'வையும் கொண்டுவந்தார்கள். ராட்சதன், மந்திரவாதி, வேதாளம் எல்லாம் வண்ணப் படத்தோடு வீட்டுக்குள் உட்கார்ந்தன. அம்புலிமாமா தந்த ஆனந்தத்தை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தத் தொடர்கதைகளைத் தெலுங்கில் எழுதிய தாசரி சுப்பிரமணியம் எவ்வளவு பெரிய கற்பனைக்காரர்! அவர் பெயர் கதையின் தலைமாட்டில் அச்சாகவில்லை. பத்திரிகையின் பெயர்தான் எழுத்தாளரின் பெயர். லட்சக்கணக்கான பிள்ளைகள் அவரைப் படித்தார்கள், அவரை அறியவில்லை. மாயக்கதை இருந்தது, மாயக்கதை ஆசிரியர் இல்லை. அந்தக் காலி இடத்தில் வந்து நின்றவர் வாண்டுமாமா.

இனித் திருச்சிக்குப் போவோம். பள்ளிப் பிள்ளையாக இருந்தபோதே கிருஷ்ணமூர்த்தி கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார். அதற்குப் 'பாரதி' என்று பெயர். இன்றைய பிள்ளைகளுக்குக் கையெழுத்துப் பத்திரிகை என்றால் என்னவென்றே தெரியாது, அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். முழுநீளத் தாளை இரண்டாக மடித்து நடுவில் நூல் போட்டுத் தைப்பார்கள். ஒரே ஒரு பிரதிதான். நல்ல கையெழுத்து உள்ளவன் கதையை எழுதுவான், படம் வரையத் தெரிந்தவன் அட்டைப்படம் போடுவான். பத்திரிகை ஆசிரியர், கதாசிரியர், ஓவியர், கேள்வி பதில் பகுதிக்குக் கேள்வி, அதற்குப் பதில், எல்லாம் பல நேரம் ஒரே பையன்தான். பல புனைபெயர்களில் எழுதிப் பக்கத்தை நிரப்புவான். ஒரு பிரதி வீடு வீடாகச் சுற்றும். கடைசியில் சில பக்கங்களை வெறுமையாக விட்டிருப்பார்கள், படித்தவர்கள் தங்கள் அபிப்பிராயத்தை எழுத. அந்த வெற்றுப் பக்கத்தில்தான் அந்தக் காலத்துத் தமிழ் எழுத்தாளர் பலருக்கு முதல் விமர்சனம் கிடைத்தது.

எனக்கு இது சாதாரண விளையாட்டாகத் தெரியவில்லை. பின்னாளில் கோகுலத்திலும் பூந்தளிரிலும் கிருஷ்ணமூர்த்தி என்ன செய்தாரோ அதையேதான் அந்தத் தைத்த தாள்களிலும் செய்தார். ஒரே ஆள் பல பெயரில் எழுதுவது, எழுத்தையும் படத்தையும் ஒன்றாகவே நினைப்பது, பக்கம் எங்கே முடிய வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கதையை நிறுத்துவது, அடுத்த இதழுக்கு ஆள் காத்திருக்கும்படி செய்வது எல்லாம் அங்கே படித்த பாடம். தமிழில் மாயக்கதை எழுதும் தொழிலுக்குப் பள்ளிக்கூடம் என்று ஒன்று இருந்திருந்தால் அது கையெழுத்துப் பத்திரிகைதான்.

அவருக்கு முதலில் எழுத்தாளர் ஆகும் ஆசையே இல்லை, ஓவியர் ஆகத்தான் ஆசை. ஆனந்த விகடனில் மாலி கொடிகட்டிப் பறந்த நாட்கள் அவை. நாலு கோட்டில் ஒரு சங்கீத வித்துவானின் கழுத்துச் சுருக்கத்தையும் கர்வத்தையும் கொண்டுவந்துவிடும் மகாலிங்கம் அவர். மாலி மாதிரி விகடனில் படம் போட வேண்டும் என்பதே திருச்சிப் பையனின் கனவு. அது கைகூடவில்லை. ஆனால் அந்த மாலிதான் அவருக்கு 'வாண்டுமாமா' என்ற பெயரைச் சூட்டினார். படம் வரையப் போனவர் பேரோடு திரும்பினார். எதிரே இருப்பவரின் முகத்தில் எது முக்கியம் என்று ஒரே பார்வையில் பிடித்துவிடும் கேலிச்சித்திரக்காரரின் கண், இந்த மனிதரிடம் பிடித்தது அந்த மாமாவை. எங்கள் வீடுகளில் தாய்மாமன் வந்தால் பிள்ளைகளுக்கு அடி கிடையாது, படி என்ற சொல் கிடையாது. பையில் ஏதாவது இருக்கும். மாமா தோளில் ஏறினால் யாரும் இறக்கிவிட முடியாது. அந்த உறவைப் பெயரிலேயே வைத்துக்கொண்டு ஒருவர் எழுத வந்தது தமிழ்ப் பிள்ளைகளின் அதிர்ஷ்டம்.

பெயர் கிடைத்தாலும் அவர் உடனே மாமாவாகிவிடவில்லை. 'கௌசிகன்' என்று இன்னொரு பெயர் வைத்துக்கொண்டு பெரியவர்களுக்குச் சிறுகதைகளும் நாவல்களும் எழுதினார். திருச்சியில் திருலோக சீதாராம் நடத்திய 'சிவாஜி' பத்திரிகையில் வேலை பார்த்தார். திருலோக சீதாராமை அறிந்தவர்களுக்குத் தெரியும், பாரதியை மந்திரம்போல் ஓதிய மனிதர். அங்கே பத்திரிகைத் தொழிலின் அரிச்சுவடியைக் கற்றவர் 'வானவில்' போன்ற சிறுவர் இதழ்களுக்கு ஆசிரியரானார்.

நாற்பதுகளின் கடைசியும் ஐம்பதுகளும் தமிழில் சிறுவர் பத்திரிகைகளின் பொற்காலம். அழ. வள்ளியப்பா 'பூஞ்சோலை' நடத்தினார். தமிழ்வாணன் 'ஜில் ஜில்' நடத்தி, பிறகு 'கல்கண்டு'க்கு வந்தார். கலைமகள் நிறுவனத்தார் 'கண்ணன்' கொண்டுவந்தார்கள், ஆர்.வி. அதற்கு ஆசிரியர். 'அணில்' வந்தது. புதுக்கோட்டையிலிருந்து மட்டும் எத்தனையோ சிறுவர் இதழ்கள் புறப்பட்டன. பாதிக்கு மேல் சில ஆண்டுகளில் நின்றுபோயின. காசு போட்டவர் கை ஓய்ந்தால் பத்திரிகை ஓய்ந்துவிடும். நின்றுபோன பத்திரிகைகளின் ஆசிரியர்கள் வேறு வேலைக்குப் போனார்கள். கிருஷ்ணமூர்த்தி வேறு வேலைக்குப் போகவில்லை, அடுத்த பத்திரிகைக்குப் போனார். அவர் வாழ்க்கை முழுக்க அதுதான் நடந்தது. தன் வரலாற்றை எழுதியபோது அதற்கு 'எதிர்நீச்சல்' என்று பெயர் வைத்தார். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

சென்னைக்கு வந்து கல்கி அலுவலகத்தில் சேர்ந்தார். இருபது ஆண்டுகளுக்கு மேல் அங்கே இருந்தார். பத்திரிகையை 1941-இல் சதாசிவத்தோடு சேர்ந்து தொடங்கிய 'கல்கி'யின் இயற்பெயரும் கிருஷ்ணமூர்த்திதான். அந்தக் கிருஷ்ணமூர்த்திக்கும் எங்கள் குற்றாலத்துக்கும் உறவு நெருக்கம். சீசன் வந்தால் ரசிகமணி டி.கே.சி.யின் வீட்டுக்கு வந்துவிடுவார், ராஜாஜியும் வருவார். அருவியில் குளித்துவிட்டு கம்பனைப் பேசிய அந்தக் கூட்டத்தைப் பற்றி நிறைய எழுதியாயிற்று. 1954-இல் ரசிகமணியும் போனார், கல்கியும் போனார். அந்தக் குற்றாலம் பெரியவர்களுடையது. பிள்ளைகளுக்கான பங்கு கல்கி அலுவலகத்திலிருந்து பிற்பாடு, இந்த இரண்டாவது கிருஷ்ணமூர்த்தியின் மேசையிலிருந்து வந்தது.

1972-இல் சதாசிவம் 'கோகுலம்' தொடங்கினார். அதன் பொறுப்பு வாண்டுமாமாவுக்கு வந்தது. அப்போது சென்னை மெயில் மீட்டர் கேஜ் பாதையில் தென்காசி, செங்கோட்டை வழியாக மலையைக் குடைந்து கொல்லத்துக்குப் போகும். சென்னைப் பத்திரிகை எங்கள் ஊருக்கு வந்து சேர்வது தாமதம்தான், ஆனால் வரும். கடையில் கட்டுப் பிரிக்கும் முன்பே, 'ஏல, கோகுலம் வந்துட்டா?' என்று விசாரிப்போம். ஒரு வீட்டில் வாங்கினால் தெருவே படிக்கும். கடைசியாகக் கைக்கு வரும்போது அட்டை இருக்காது, நடுப்பக்கம் பிய்ந்திருக்கும். அந்தப் பக்கத்தில் என்ன நடந்திருக்கும் என்று நாங்களே கதை கட்டிக்கொள்வோம். அதுவும் ஒரு படிப்புத்தான்.

ஒரு பக்கத்தை மட்டும் கிட்டே வைத்துப் பாருங்கள். மேலே படம், அதில் ஏதோ ஒரு கதவு பாதி திறந்திருக்கும். கதை படத்துக்கு முன்னால் தொடங்காது, படத்துக்கு உள்ளே தொடங்கும். முதல் வரியிலேயே யாரோ எங்கோ ஓடிக்கொண்டிருப்பார்கள். சிறிய வாக்கியங்கள். பேச்சு அதிகம். கடைசிப் பத்தியில் ஒரு கால் வெளியே, ஒரு கால் ஆபத்தில், 'தொடரும்'. பக்கத்தின் அடியில் மிச்சமிருக்கும் நாலு வரி இடத்தில் ஒரு துணுக்குச் செய்தி இருக்கும், ஏதாவது விலங்கைப் பற்றியோ நாட்டைப் பற்றியோ. கதையின் படபடப்பு அடங்காமலே பிள்ளை அதையும் படித்துவிடும். கதாசிரியரும் துணுக்கு எழுதியவரும் பக்கம் அமைத்தவரும் ஒருவரே என்பது பிள்ளைக்குத் தெரியாது. விசாகன், சாந்தா மூர்த்தி என்ற பெயர்களும் அவருடையவைதான் என்பதும் தெரியாது. பாரதி கையெழுத்துப் பத்திரிகையின் ரகசியம் சென்னை அச்சகத்தில் தொடர்ந்துகொண்டிருந்தது.

கதைகளின் பெயர்களைச் சொன்னாலே போதும், அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கும். ஓநாய்க்கோட்டை, நெருப்புக் கோட்டை, மந்திரச் சலங்கை, மூன்று மந்திரவாதிகள், மரகதச் சிலை, அரசகுமாரி ஆயிஷா, புலி வளர்த்த பிள்ளை, கழுகு மனிதன் ஜடாயு. படக்கதையாக வந்த கனவா நிஜமா, காட்டுச் சிறுவன் கந்தன், சிலையைத் தேடி. எல்லாவற்றுக்கும் மேலாகப் பலே பாலு. ஓவியர் செல்லத்தின் கோட்டில் உருவெடுத்த பாலு ராஜகுமாரன் அல்ல. நம் தெருவில் டிராயர் போட்டுக்கொண்டு திரியும் பையன். வாண்டுமாமாவின் பெரிய சாதனையாக நான் இதைத்தான் நினைக்கிறேன். மாயம் நடப்பதற்கு ஏழு கடல் தாண்ட வேண்டும் என்ற பழைய சட்டத்தை அவர் மாற்றினார். ஏழு கடல் கதைகளையும் விடவில்லை. ஆனால் கணக்கில் முட்டை வாங்கும் பையனுக்கும், அம்மாவிடம் திட்டு வாங்கும் பையனுக்கும் அதிசயம் நேரலாம் என்று எழுதினார். பிளந்த கோபுரத்தின் அடியில் கோலி விளையாடிய எங்களுக்கு, அப்படியானால் நமக்கும் நேரும் என்ற நம்பிக்கை வந்தது அவரால்தான்.

இதே வேலையைப் பிற மொழிகளில் செய்தவர்களை வைத்துப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் டோல்கீன் 1937-இல் 'ஹாபிட்' எழுதினார், சி.எஸ். லூயிஸ் 1950-இல் நார்னியாவைத் தொடங்கினார். இருவரும் பல்கலைக்கழகத்தில் பாடம் சொன்னவர்கள், கதை அவர்களுக்கு மாலை வேளை. எனிட் பிளைட்டன் கொஞ்சம் நம்மவருக்குக் கிட்டே வருகிறார். அவரும் பத்திரிகை நடத்திக்கொண்டே மாய மரக் கதைகளை எழுதினார். வங்காளத்தில் உபேந்திரகிஷோர் ராய் 1913-இல் 'சந்தேஷ்' தொடங்கினார். கூப்பி என்ற பாட்டுக்காரன், பாகா என்ற கொட்டுக்காரன் இருவரின் மாயக்கதை அதில்தான் வந்தது. மகன் சுகுமார் ராய் அதைத் தொடர்ந்தார். பேரன் சத்யஜித் ராய் 1961-இல் பத்திரிகையை மறுபடி எழுப்பினார், தாத்தாவின் கதையை 1969-இல் படமாகவும் எடுத்தார். பத்திரிகை அவர்கள் வீட்டுச் சொத்து. அச்சகம் அவர்களுடையது. மூன்று தலைமுறை கைமாற்றிக் காத்தது. வாண்டுமாமாவுக்கு எந்தப் பத்திரிகையும் சொந்தமில்லை. மாதச் சம்பளத்துக்கு ஒரு மேசையில் உட்கார்ந்து, மற்றவர்களின் பத்திரிகைக்காக நூற்றைம்பதுக்கு மேற்பட்ட சிறுவர் நூல்களுக்கான கதைகளையும் அறிவியலையும் வரலாற்றையும் எழுதிக் குவித்தார். பத்திரிகை நின்றால் எழுந்து போக வேண்டியவர் அவர்.

அது நடந்தது. 1984-இல் பை அண்ட் கோ நிறுவனத்தார் 'பூந்தளிர்' தொடங்கியபோது வாண்டுமாமா அங்கே ஆசிரியரானார். 'டிங்கிள்' என்ற இங்கிலீஷ் பத்திரிகையின் படக்கதைகள் பூந்தளிரில் தமிழ் பேசின. காக்கை காளி, வேட்டைக்கார வேம்பு, கபீஷ் என்ற குரங்கு, சுப்பாண்டி எல்லாரும் வந்தார்கள். சுப்பாண்டி பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 1983-இல் டிங்கிளில் அவன் முதன்முதலில் தோன்றியதே திருச்சியிலிருந்து ஒரு வாசகர் அனுப்பிய தமிழ்நாட்டு நாட்டுப்புறக் கதையால்தான். திருச்சியில் வளர்ந்த மனிதர் ஆசிரியராக இருந்த பத்திரிகை வழியே அந்தப் பிள்ளை இங்கிலீஷுக்குப் போய்விட்டுத் தமிழுக்குத் திரும்பி வந்தான். குற்றாலத்தில் வளர்ந்த எங்களுக்கோ கபீஷ்தான் பக்கத்து வீட்டுக்காரன். வாலை வேண்டிய அளவு நீட்டும் குரங்கைப் பூந்தளிரில் படித்துவிட்டு, ஐந்தருவிக் குரங்குகளின் வாலை உற்றுப் பார்த்த பிள்ளைகள் நாங்கள்.

பூந்தளிர் ஐந்தே ஆண்டு. 1989-இல் நின்றது. கணக்குப் பார்த்தால் வாண்டுமாமாவுக்கு அப்போது வயது 64. அதன் பிறகும் எழுதினார். வானதி பதிப்பகமும் பின்னர் கவிதா பப்ளிகேஷனும் அவர் நூல்களை வெளியிட்டன. பொது அறிவு, மனித உடல், வரலாறு, பிராணிகள் என்று தகவல் நூல்களும் வந்தன. மாயக்கதைக்காரர் தகவல் நூல் எழுதியதைச் சிலர் பிழைப்புக்காக என்று நினைப்பார்கள். எனக்கு இரண்டும் ஒரே மனசின் வேலையாகத்தான் தெரிகிறது. 'அது எப்படி?' என்று கேட்கும் பிள்ளைக்கு ஒரு நாள் மந்திரவாதியைப் பதிலாகக் கொடுத்தார், மறுநாள் விஞ்ஞானியைக் கொடுத்தார். கேள்வியை மட்டும் அணைய விடவில்லை.

மத்திய அரசும் மாநில அரசும் பரிசுகள் கொடுத்ததுண்டு. சாகித்திய அகாதெமி 2010-இல் சிறுவர் இலக்கியத்துக்கென்றே பால சாகித்திய புரஸ்கார் தொடங்கியது. 2012-இல் பக்கத்து ராஜபாளையத்தின் கொ.மா. கோதண்டம், மேற்குத்தொடர்ச்சி மலைக் காட்டைப் பிள்ளைகளுக்கு எழுதியவர், 'காட்டுக்குள்ளே இசைவிழா'வுக்காக அதைப் பெற்றபோது இந்தப் பக்கமெல்லாம் மகிழ்ச்சி. தகுதியான பரிசு. ஆனால் அந்த விருது தொடங்கிய பிறகு நான்கு ஆண்டுகள் வாண்டுமாமா உயிரோடு இருந்தார், அவருக்கு அது வரவில்லை. 2014 ஜூன் 12-இல் சென்னையில் காலமானார். இதை நான் மனத்தாங்கலோடுதான் எழுதுகிறேன். தமிழில் பிள்ளைகளுக்கு மாயக்கதை எழுதுவதையே முழுநேரத் தொழிலாகக் கொண்டு ஒரு ஆயுளைச் செலவழித்தவர் என்று விரல்விட்டு எண்ணினால் முதல் விரல் அவருக்குத்தான் மடங்கும். அவரை நாம் பழைய நினைவாக மட்டும் பேசுகிறோம். பழைய புத்தகக் கடையில் அவர் படக்கதைப் பிரதிக்கு அதிக விலை கேட்கிறார்கள். வாங்குகிறவர்கள் ஐம்பது வயதுக்காரர்கள். பிள்ளை கைக்கு அது போவதில்லை.

கோகுலம் இன்று அச்சில் இல்லை. அம்புலிமாமா இல்லை. விகடனார் 1999-இல் தொடங்கிய 'சுட்டி விகடன்' இல்லை. ஆனால் எல்லாம் முடிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். தமிழக அரசு 2022 முதல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' என்று இரண்டு இதழ்களை நடத்துகிறது. அவை கடையம், ஆழ்வார்குறிச்சி, பண்பொழிப் பள்ளிகளுக்கும் வருகின்றன. அறிவியல் இயக்கத்தாரின் 'துளிர்' 1987-இலிருந்து விடாமல் வருகிறது. கோவில்பட்டியில் உதயசங்கர் பிள்ளைகளுக்கு எழுதிக் குவிக்கிறார். கீழடிப் பின்னணியில் அவர் எழுதிய 'ஆதனின் பொம்மை'க்கு 2023-இல் பால சாகித்திய விருது கிடைத்தது. எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். குறைவது, அடுத்த இதழ் எப்போது வரும் என்று கடைவாசலில் நிற்கவைக்கும் ஒரு பெயர்.

அப்படி ஒரு பெயர் தானாக முளைக்காது. பெற்றோர்கள் பொதுத்தேர்வுக் கையேட்டுக்குக் கொடுக்கும் காசில் கொஞ்சம் கதைப்புத்தகத்துக்கு ஒதுக்க வேண்டும். பத்திரிகை நடத்துகிறவர்கள் பிள்ளைகளுக்கு எழுதுகிறவருக்கு முழுச் சம்பளம் கொடுத்து ஒரு மேசையில் உட்கார வைக்க வேண்டும். வாண்டுமாமா அந்த மேசையில் உட்கார்ந்துதான் வாண்டுமாமா ஆனார்.

2025-இல் அவர் பிறந்து நூறு ஆண்டு நிறைந்தது. பெரிய விழா வேண்டாம். தென்காசியில் பொதிகைப் புத்தகத் திருவிழா நடக்கும்போது வருகிறவர்கள் சிறுவர் நூல் அரங்குகளில் அவர் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால்தான் பதிப்பாளர் மறு அச்சுப் போடுவார். பக்கத்து நூலகத்தில் கேளுங்கள். இல்லை என்றால் வாங்கித் தரச் சொல்லி எழுதிக் கொடுங்கள். கிடைத்த ஒரு புத்தகத்தை, வரும் சீசனுக்குக் குற்றாலம் வரும்போது பிள்ளையின் பையில் போட்டு எடுத்து வாருங்கள். அருவியில் தண்ணீர் வரத்து அதிகமாகி, குளிக்கத் தடை போட்டு, விடுதி அறையில் உட்கார வேண்டி வரும் நாளில் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள்.